ஆறுமணிக்குருவிக்கு யார் திசை சொன்னது?

கோவை
ஐப்பசி மாதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. இடக்கண்ணில் புரை எடுத்திருந்ததால் கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் முறை கமலம்தான் வாசித்துக் காட்டினாள். கண் தெளிந்த பிறகு நானே ஆசை தீர இன்னொரு முறை படித்தேன். உன் பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்தது எங்கள் இருவருக்கும் பெரிய மகிழ்ச்சி. அவளுக்கு என் ஆசிகளைச் சொல். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நீ எடுத்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காலை நடையை நிறுத்திவிடாதே. இங்கே பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உன் கடிதத்தின் பின்பாதிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மழை பெய்து ஓய்ந்த இரவில் திருநெல்வேலியில் உன் வீட்டுக் கொல்லையில் ஒரு குருவி களைத்துப்போய் விழுந்து கிடந்தது என்றும், பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு, இருந்தும் இல்லாத குட்டை வால் என்றும் எழுதியிருந்தாய். அது ஆறுமணிக்குருவிதான், சந்தேகமே இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, இந்த மாதங்களில் தெற்கே வருகிற பறவை அது. தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை போகும். பயணம் இரவில்தான். கொஞ்சம் தண்ணீர் வைத்து, இருட்டான பெட்டியில் ஓய்வெடுக்கவிட்டு, விடிந்ததும் திறந்துவிட்டீர்களே, அது மிகச் சரியான காரியம்.

"நீ வேதியியல்காரன், இதன் உடம்புக்குள் காந்த ஊசி ஏதாவது இருக்கிறதா, சொல்" என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்விக்காகவே ஒரு வேதியியல்காரர் பல பத்தாண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கிறார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹோர். பறவைகளோடு வளர்ந்தவர் அல்லர். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் பாடநூல் எழுதியவர், எலெக்ட்ரானின் தற்சுழற்சி வேதிவினைகளை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பவர். அவருடைய கட்டுரைகளைக் கொஞ்சநாளாகவே படித்து வருகிறேன். உன் குருவி வந்து விழுந்ததும், படித்ததையெல்லாம் உன்னிடம் சொல்லித் தீர்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

பறவைக்குப் புவிக்காந்தம் தெரியும் என்பதில் இப்போது தகராறு இல்லை. 1960களில் பிராங்க்பர்ட்டில் வொல்ஃப்காங் வில்ட்ச்கோ என்ற ஆய்வாளர் ராபின் என்னும் சின்னஞ்சிறு ஐரோப்பியக் குருவிகளைக் கூண்டில் வைத்துப் பார்த்தார். வலசைக் காலம் வந்தால் கூண்டுக்குள்ளேயே அவை இரவெல்லாம் பரபரக்கும், போக வேண்டிய திசையைப் பார்த்தே தாவும். வானம் தெரியாத அறையில் கம்பிச் சுருள்களால் காந்தப்புலத்தைத் திருப்பினால் குருவிகளும் திரும்பின. 1972இல் வில்ட்ச்கோவும் அவர் மனைவி ரோஸ்விதாவும் இன்னொன்றையும் காட்டினார்கள். நம் திசைகாட்டி ஊசியைப்போல வடமுனை எது, தென்முனை எது என்று பறவை பிரித்தறிவதில்லை. காந்தக் கோடுகள் தரையை நோக்கி எவ்வளவு சாய்கின்றன என்பதைத்தான் பார்க்கிறது. நீ ஆண்டுதோறும் மாணவர்களை அளக்கவைத்தாயே, காந்தச் சரிவு, அதேதான். துருவத்தின் பக்கம் எது, நிலநடுக்கோட்டின் பக்கம் எது என்று மட்டும் அதற்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள். பின்னால் உன் ஊருக்கே இதைக் கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன்.

இனி வேதியியல். புவியின் காந்தப்புலம் ஐரோப்பாவில் ஏறத்தாழ 50 மைக்ரோடெஸ்லா. உடம்பின் வெப்பத்தில் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதி அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த வெப்ப ஆற்றலோடு ஒப்பிட்டால், இந்தப் புலம் ஓர் எலெக்ட்ரானுக்குக் கொடுக்கும் ஆற்றல் 10 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாம் இருவரும் வகுப்பில் நடத்திய வெப்ப இயக்கவியலின்படி இதனால் எந்த வினையும் நடக்கக்கூடாது. 1978இல் ஜெர்மனியில் கிளாஸ் ஷுல்டன் என்ற இயற்பியலாளர், நடக்கும் என்றார். அவர் கட்டுரையைப் புகழ்பெற்ற சயன்ஸ் இதழ் ஏற்கவில்லை. கடைசியில் இயற்பிய வேதியியலுக்கான ஒரு ஜெர்மன் இதழில் அது வெளிவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதை எடுத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அவர் சொன்னது இதுதான். இணை சேராத எலெக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறைத் தனி உறுப்பு என்று நாம் சொல்லிக்கொடுத்தோம். ஒளி பட்டு ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலெக்ட்ரான் தாவினால், ஒரே நொடியில் இரண்டு தனி உறுப்புகள் இணையாகப் பிறக்கின்றன. பிறக்கும்போது இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருக்கும். அது சிங்லெட் நிலை. ஆனால் அந்த நிலையிலேயே நிற்காது. பக்கத்திலுள்ள ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்கருக்களின் நுண்ணிய காந்தத்தால் அது இரு தற்சுழற்சியும் ஒரே பக்கமாக இருக்கும் டிரிப்லெட் நிலைக்கு மாறும், திரும்பும், மறுபடி மாறும், நொடிக்குப் பல லட்சம் தடவை. இந்த ஊசலாட்டத்தில்தான் புவியின் புலம் கைவைக்கிறது. சிங்லெட்டாக இருக்கும் கணத்தில் எலெக்ட்ரான் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம், வினை கலைந்துவிடும். திரும்பாவிட்டால் வேறொரு பொருள் உண்டாகும். எது எவ்வளவு என்ற விகிதம் புலத்தின் சாய்வைப் பொறுத்து மாறும். உன் தந்தையார் தாமிரபரணிக் கால்வாயில் மடை திருப்பியதை நினைத்துப் பார். தண்ணீரை ஓடச்செய்தது அவர் கையின் பலம் இல்லை. எந்த வயலுக்குப் போவது என்பதை மட்டும் அந்தச் சின்னப் பலகை தீர்மானித்தது. இங்கே தண்ணீர், ஒளியின் ஆற்றல். பலகை, காந்தப்புலம். வெப்பச் சமநிலைக்கு மிக அப்பால் நடக்கும் காரியம் என்பதால்தான் நம் பழைய கணக்கு இங்கே செல்லவில்லை.

எந்த மூலக்கூறு என்று ஷுல்டனுக்கு அப்போது தெரியாது. 1990களில் தாவரங்களில் கிரிப்டோகுரோம் என்ற நீல ஒளி உணரும் புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. அதே குடும்பம் விலங்குகளிலும் உண்டு. 2000இல் ஷுல்டனும் தார்ஸ்டன் ரிட்ஸும் இன்னொருவரும் சேர்ந்து, பறவையின் விழித்திரையிலுள்ள இந்தப் புரதமே காந்த உணர்வியாக இருக்கலாம் என்றார்கள். புரதத்தின் நடுவில் ஃபிளேவின் என்ற, ஒளியை உறிஞ்சும் சிறு மூலக்கூறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நீல ஒளி பட்டதும் பக்கத்திலுள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து அது ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் குறையை அடுத்த டிரிப்டோபன் நிரப்ப, அதன் குறையை அதற்கடுத்தது நிரப்ப, நான்கு டிரிப்டோபன்கள் வரிசையாக நிற்கின்றன. ஃபிளேவின் ஒரு முனையிலும் கடைசி டிரிப்டோபன் மறுமுனையிலுமாக, ஏறத்தாழ 2 நானோமீட்டர் தள்ளி, அந்த இணை உருவாகிவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, சண்முகம். டிரிப்டோபனை நாற்பது ஆண்டுகள் புரதப் பாடத்தில் ஒரு பெயராக மட்டுமே சொல்லிவந்தேன்.

ஹோரும் ஆக்ஸ்போர்டில் அவருடைய கூட்டாளி கிறிஸ்டியான டிம்மலும் அமெரிக்காவின் அரிசோனா குழுவினருடன் சேர்ந்து 2008இல் ஒரு செயற்கை மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். கரோட்டினாய்டு, போர்ஃபிரின், ஃபுல்லரீன் மூன்றையும் கோத்தது. புவிப் புலம் அளவேயான பலவீனப் புலம்கூட ஒரு வேதிவினையை மாற்றும் என்று அதில் அளந்து காட்டினார்கள். பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் 'நடக்கவே முடியாது' என்ற வாதம் அன்றோடு முடிந்தது. ஒரு வேதியியலாளர் செய்ய வேண்டிய வேலை இதுவே என்பது என் எண்ணம். முதலில் கொள்கையளவில் சாத்தியமா என்று குடுவையில் காட்ட வேண்டும், பிறகுதான் உயிரினத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

உயிரினத்தைப் பார்த்துக்கொண்டவர் ஹென்ரிக் மூரிட்சன், ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில். அவருக்கு நேர்ந்தது ஒன்று உனக்கு மிகவும் பிடிக்கும். பல்கலைக்கழக வளாகத்தில் மரக்குடில்களுக்குள் ராபின்களைச் சோதித்தபோது, பல ஆண்டுகளாக அவை காந்தத் திசையைப் பிடிக்கவே இல்லை. தீவனம், வெளிச்சம், கூண்டின் வடிவம் என்று எதை மாற்றியும் பலனில்லை. கடைசியில் குடிலின் உட்புறம் முழுவதும் அலுமினியத் தகடு பொருத்தி, அதைப் பூமியோடு இணைத்தார்கள். உடனே குருவிகள் சரியான திசைக்குத் திரும்பின. பூமி இணைப்பைத் துண்டித்தால் மறுபடி தடுமாறின. நகருக்கு வெளியே கொண்டுபோனால் தகடே இல்லாமல் திசை தெரிந்தது. 50 கிலோஹெர்ட்ஸுக்கும் 5 மெகாஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட மின்காந்த இரைச்சலே காரணம் என்று 2014இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கைபேசியின் அலைவரிசை அல்ல. மத்திய அலை வானொலி இருக்கும் பகுதி, மின்சாதனங்களிலிருந்து கசியும் இரைச்சல்.

ஏன் அந்தப் பகுதி? 50 மைக்ரோடெஸ்லா புலத்தில் ஓர் எலெக்ட்ரானின் தற்சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் முறை சுற்றும், அதாவது 1.4 மெகாஹெர்ட்ஸ். அந்த அலைவெண்ணில் வெளியிலிருந்து ஒரு புலம் வந்து தட்டினால் அந்த ஊசலாட்டம் கலையும். இரும்புத் துகள் எதையாவது வைத்துப் பறவை திசை பார்க்கிறது என்றால், இந்த இரைச்சல் அதை ஒன்றும் செய்ய முடியாது. இதைவிட அழகான சாட்சியை நான் படித்ததில்லை. ஆனாலும் ஹோர் இங்கே ஒரு தடையைத் தாமே எடுத்துச் சொல்கிறார். அந்த இரைச்சல் மிகமிகப் பலவீனமானது. இன்றைய கோட்பாட்டின்படி அது பறவையைக் குழப்பியிருக்கவே கூடாது. குழப்புகிறது. ஏன் என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

'இரவில் பறக்கும் குருவிக்கு ஒளி ஏது' என்று கேட்பாய். மிக மங்கலான வெளிச்சமே போதும் என்று சோதனைகள் காட்டுகின்றன. நிறம்தான் முக்கியம். நீலத்திலும் பச்சையிலும் திசை தெரிகிறது, சிவப்பு விளக்கின் கீழ் தடுமாறுகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தியைப் பெறும் மூளைப் பகுதி ஒன்றை நீக்கியபோது ராபின்களுக்குக் காந்தத் திசை மட்டும் போய்விட்டது, சூரியனையும் விண்மீனையும் வைத்துத் திசை பார்க்கும் திறன் அப்படியே இருந்தது. அலகில் இருக்கும் நரம்பை வெட்டியபோதோ ஒன்றும் கெடவில்லை. மூரிட்சன் குழுவின் 2009ஆம் ஆண்டுக் கட்டுரை இது. புறாவின் அலகில் இரும்பு உணர்விகள் இருப்பதாகச் சொன்ன செய்தி நம் காலத்துப் பத்திரிகைகளில்கூட வந்ததே, நினைவிருக்கிறதா? 2012இல் வியன்னாவில் டேவிட் கீஸ் குழுவினர் அவற்றைத் துருவிப் பார்த்து, அவை நரம்பு செல்களே அல்ல, இரும்பைச் சேர்த்துவைக்கும் சாதாரண நோயெதிர்ப்பு செல்கள் என்று கண்டார்கள்.

2021இல் ஹோரும் மூரிட்சனும் சேர்ந்து பெரிய படி ஒன்றை ஏறினார்கள். ராபினின் விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் 4 என்ற புரதத்தை, ஜிங்ஜிங் ஷு என்ற இளம் ஆய்வாளர் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்துக் கொடுத்தார். ஆக்ஸ்போர்டில் அதை லேசர் ஒளியில் அளந்தார்கள். வலசை போகாத கோழியின் புரதத்தையும் புறாவின் புரதத்தையும்விட ராபினின் புரதம் காந்தப்புலத்துக்கு அதிகம் அசைந்தது. டிரிப்டோபன்களை ஒவ்வொன்றாக மாற்றியும் பார்த்தார்கள், சங்கிலியில் எது என்ன செய்கிறது என்று அறிய.

பத்திரிகைகள் 'மர்மம் விடுபட்டது' என்று தலைப்புப் போட்டன. எனக்கு அது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் கட்டுரையே அப்படிச் சொல்லவில்லை. அளந்தது உயிருள்ள கண்ணில் அல்ல, கரைசலில். கரைசலில் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் புரண்டுகொண்டிருக்கும். திசை அறிய வேண்டுமானால் அவை கண்ணுக்குள் ஒழுங்காக நிலைகொண்டிருக்க வேண்டும். பயன்படுத்திய புலமும் புவிப் புலத்தைவிடப் பல மடங்கு வலிமையானது. இவ்வளவையும் ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஹோர்மீது மதிப்பு கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழ ஈக்களுக்குக் கிரிப்டோகுரோம் வழியாகக் காந்தம் தெரியும் என்று சில ஆய்வுகள் சொல்லிவந்தன. அவருடைய கருத்துக்குச் சாதகமான சான்று அது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரும் மூரிட்சனும் சகாக்களும் ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவான ஈக்களை வைத்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து, எந்த விளைவும் தெரியவில்லை என்று 2023இல் நேச்சரில் வெளியிட்டார்கள். தனக்குத் துணையாக நிற்கும் தூணைத் தானே தட்டிப் பார்க்கிற இந்த மனம் எத்தனை பேருக்கு வரும்?

இப்போது உன் குருவிக்கு வருகிறேன். இதைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 2024இல், 363 பறவையினங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வந்தது. பாடும் பறவைகளில் கிரிப்டோகுரோம் 4 வேகமாக மாறி மெருகேறியிருக்கிறது என்றது அது. உணர்விப் புரதங்களின் அடையாளம் அது. கூடவே, மூன்று கூட்டங்கள் இந்த மரபணுவையே இழந்துவிட்டன என்றும் சொன்னது. தேன்சிட்டைப் போன்ற அமெரிக்க ஹம்மிங் பறவைகள் ஒன்று. கிளிகள் ஒன்று. மூன்றாவது, டைரன்னி என்று வகைப்படுத்தப்படும் பறவைகள். பெரும்பாலும் தென் அமெரிக்காவில் வாழ்பவை. ஆனால் நம் பக்கத்து ஆறுமணிக்குருவியின் குடும்பமும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்கிறது!

அப்படியானால், ராபினுக்குத் திசை சொல்வதாக இவ்வளவு உழைத்துக் காட்டிய புரதம் உன் கொல்லையில் விழுந்த குருவியிடம் இல்லை. அதுவோ இமயமலை அடிவாரத்திலிருந்து இரவிரவாகப் பறந்து திருநெல்வேலிக்கு வந்துவிடுகிறது. விண்மீன்களை மட்டும் பார்த்தா? மேகம் மூடிய வடகிழக்குப் பருவமழை நாளில் எப்படி? அல்லது கிரிப்டோகுரோமின் வேறொரு வகை அந்த வேலையைச் செய்கிறதா? அல்லது அதற்குக் காந்தத் திசையே தெரியாதா? ஆறுமணிக்குருவி புலம் திரும்பினால் திரும்புகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். திரும்பினால், கிரிப்டோகுரோம் 4 இல்லாமலும் காந்தத் திசை அறிய முடியும் என்றாகிவிடும். திரும்பாவிட்டால், ஹோரின் பக்கம் கனம் கூடும். ராபினில் மரபணுவை நீக்கிச் சோதிப்பது மிகக் கடினமான வேலை. இயற்கை நம் தோட்டங்களிலேயே அதைச் செய்துவைத்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உன் ஊரில்தான். காந்த நிலநடுக்கோடு தென்முனைத் தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும், திருநெல்வேலியில் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம். உன் ஆய்வகத்துச் சரிவு ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும் என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொல்வாய். ஓல்டன்பர்க்கில் அது 60 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும், இமயமலை அடிவாரத்தில் 45 பாகை அளவுக்கு. சரிவை வைத்துத் திசை பார்க்கும் பறவைக்கு, சரிவே இல்லாத இடத்தில் வடக்கும் தெற்கும் ஒன்றுதான். வில்ட்ச்கோ தம்பதியர் 1992இல் ஐரோப்பாவின் தோட்டப் பாடகி என்ற சிறு வலசைக் குருவிகளைச் சில காலம் கிடையான புலத்தில் வைத்துப் பிறகு சோதித்தார்கள். அதுவரை நிலநடுக்கோட்டை நோக்கிப் போக விரும்பியவை, அதன்பின் துருவத்தை நோக்கிப் போக விரும்பின. கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவுக்குள் ஆழமாகப் போகும் அந்தப் பறவைக்கு அது பொருந்தும். ஆனால் உன் ஊரிலும் இலங்கையிலும் தங்கி, மறுபடி வடக்கே திரும்ப வேண்டிய குருவிக்கு? கோட்டின் மேலேயே மாதக்கணக்கில் வாழும் பறவை எதை நம்புகிறது என்று யாராவது பார்க்க வேண்டும்.

ராபினைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே உழைத்திருக்கிறார்கள். நம் வலசைப் பறவைகளுக்குக் கோடிக்கரையில் வளையம் மாட்டும் பணி நல்லமுறையில் நடந்திருக்கிறது. எங்கிருந்து எங்கே வருகின்றன என்று கொஞ்சம் தெரியும். எப்படி வருகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொள்ள இயற்பியலும் வேதியியலும் படித்த பிள்ளைகள் வேண்டும். வனத்துறை அனுமதி, அலுமினியம் போர்த்திய ஒரு குடில், கம்பிச் சுருள்கள், பொறுமை. பெரிய பணம் தேவைப்படும் வேலையாக எனக்குத் தெரியவில்லை. உன் பழைய மாணவர்கள் சிலர் இப்போது கல்லூரிகளில் துறைத் தலைவர்களாக இருக்கிறார்கள் அல்லவா? அவர்களிடம் பேசு. நீ சொன்னால் கேட்பார்கள். இதை உன்னை வற்புறுத்தியே கேட்கிறேன்.

2021 கட்டுரையின் நகலையும் மரபணு ஆய்வின் நகலையும் கூரியரில் அனுப்புகிறேன். தற்சுழற்சிக் கணக்கு வரும் பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அங்கே எனக்குக் கணிதம் போதவில்லை, நீ பார்த்துவிட்டு விளக்கி எழுது. உன் ஊரில் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லாதான், ஆகவே 1.4 மெகாஹெர்ட்ஸ் என்பது அங்கே 1.1 அளவுக்கு இறங்கும் என்று போட்டுப் பார்த்தேன். சரியா என்று சொல். தை பிறந்ததும் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் வர எண்ணியிருக்கிறோம். தேதி முடிவானதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமலிங்கம்